மடைக்கு எட்டாத தண்ணீர்: பாளையங்கால்வாய்க் குளம் ஒன்றில் தானியங்கிப் படகு அளவீடு

மழைக்காலம் தொடங்கிவிட்டால் திருநெல்வேலிப் பக்கம் காலையில் பேப்பரை விரித்ததும் கண் போவது அணை நிலவரத்துக்குத்தான். பாபநாசம் 143 அடியில் எவ்வளவு, சேர்வலாறு 156 அடியில் எவ்வளவு, மணிமுத்தாறு 118 அடியில் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் மற்ற செய்தி. அந்த அடிக்கணக்கை வைத்து அணையில் இத்தனை மில்லியன் கன அடி தண்ணீர் கிடக்கிறது என்று சொல்ல முடிகிறதென்றால், ஒவ்வொரு அணைக்கும் ஒரு கொள்ளளவு அட்டவணை இருப்பதுதான் காரணம். நீர்மட்டம் இவ்வளவு என்றால் பரப்பு இவ்வளவு, கொள்ளளவு இவ்வளவு என்று அதில் படிப்படியாக எழுதியிருக்கும்.

குளங்களின் நிலை வேறு. தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகள், 11 கால்வாய்கள், 86,107 ஏக்கர் பாசனம். இதில் கணிசமான பகுதிக்குத் தண்ணீர் குளங்களில் தங்கித்தான் போகிறது. மறுகால் (நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறும் கல்கட்டு) விழுந்தால் குளம் பெருகிவிட்டது என்று ஊருக்கே தெரியும். பாதி கிடக்கும்போது உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது மடை பார்ப்பவரின் கண்ணளவு. பதிவேட்டில் ஒரு கொள்ளளவு உண்டுதான். ஆனால் வண்டல் படிகிறது, கரம்பை என்ற அந்த வண்டல் மண்ணை வயலுக்கு அள்ளுகிறார்கள், கரை உடைகிறது, மறுபடி கட்டுகிறார்கள். தரை இப்படி மாறிக்கொண்டே இருக்கும்போது பழைய எண்ணை வைத்து ஒரு பூவுக்கு, அதாவது ஒரு போக நெல் சாகுபடிக்குத் தண்ணீர் பங்கிட முடியாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை இதை இன்னும் மோசமாக்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவான மழை அது. திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு மாவட்டங்களிலும் குளங்கள் உடைந்தன. உடைப்பை அவசரமாக அடைக்க மண் வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது குளத்துக்குள் கிடக்கும் மண்தான். வெள்ளம் ஒரு பக்கம் மணலையும் சேற்றையும் கொண்டுவந்து கொட்ட, இன்னொரு பக்கம் கரைக்காகத் தோண்டிய பள்ளங்கள் விழுந்தன. ஒரே பருவத்தில் தரை இரண்டு விதமாக மாறியது.

நாங்கள் தானியங்கிப் படகு விட்டு அளந்தது அப்படிப்பட்ட ஒரு குளம். தாமிரபரணிக் கால்வாய்களில் ஒன்றான பாளையங்கால்வாயில் நகரத்தைத் தாண்டிய பகுதியில் இருக்கிறது. நூறு ஏக்கர் வரும். மூன்று மடை, ஒரு மறுகால். கரம்பை எடுப்பது பற்றி ஊரில் இன்னும் பேச்சு நடப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. ஊர்க்காரர்களின் குறை ஒன்றுதான்: பிசானம் என்ற மழைக்கால நெல் பருவத்தின் கடைசி நனைப்புக்கு நடுமடையில் தண்ணீர் வருவதில்லை. குளத்தில் தண்ணீர் பளபளவென்று தெரிகிறது, மடை மட்டும் காய்கிறது. கொள்ளளவு குறைந்துவிட்டது, தூர்வார வேண்டும் என்பது பொதுப் பேச்சாக இருந்தது. எவ்வளவு, எங்கே என்று கேட்டால் ஆளுக்கு ஒரு இடம் காட்டினார்கள்.

எங்கள் படகைப் பார்த்துவிட்டு, மடை பார்க்கும் அண்ணாச்சி முதல் நாளே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, ஆழம் எங்க எவ்வளவுன்னு எனக்கே தெரியும். நடுமடைக்கு ஏன் தண்ணி வரமாட்டேங்குன்னு உங்க படகு சொல்லுமா?" அதுவரை எங்கள் திட்டத்தில் இருந்தது கொள்ளளவுக் கணக்கு மட்டும். அன்றைக்கே கோடுகளை மாற்றிப் போட்டோம். மூன்று மடைகளுக்கு முன்னாலும் நெருக்கமான கோடுகள் சேர்ந்தன.

படகைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மிதவைகளை இணைத்த அமைப்பு, பின்னால் இரண்டு மோட்டார். சுக்கான் கிடையாது, ஒரு மோட்டாரை வேகப்படுத்தி மற்றதைக் குறைத்தால் திரும்பிவிடும். ஆர்டுபைலட் என்ற திறந்த மூல மென்பொருள் இயக்குகிறது. மடிக்கணினியில் குளத்தின் மேல் கோடு வரைந்து அனுப்பினால் அந்தக் கோட்டிலேயே போய் வரும். ரேடியோ தொடர்பு அறுந்தால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருக்கிறோம். அடியில், ஒலியை அனுப்பி அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லும் 200 கிலோஹெர்ட்ஸ் ஒலிமானி, மேலே செயற்கைக்கோள் இடங்காட்டி. பத்து மீட்டர் இடைவெளியில் கோடு போட்டால் நூறு ஏக்கருக்கு 40 கி.மீ. ஓட வேண்டும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அது 11 மணி நேரத்துக்கும் மேல். ஒரு பேட்டரியில் முடிகிற வேலை இல்லை.

பல ஒலிக்கற்றைகளை விரித்து அகலமாக அளக்கும் ஒலிமானி வாங்கலாமே என்று கேட்பார்கள். கடலில் அதற்கு ஈடு கிடையாது. குளத்தில் அது வீண்செலவு என்பது என் எண்ணம். அந்தக் கருவி பார்க்கும் அகலம் ஆழத்தைப் பொறுத்தது. பெரும்பாலும் ஆழத்தைப் போல மூன்று நான்கு மடங்கு. இரண்டு மீட்டர் ஆழக் குளத்தில் ஆறு முதல் எட்டு மீட்டர்தான் கிடைக்கும். ஒற்றைக் கற்றையே போதும். 10 டிகிரி கற்றை என்றால் இரண்டு மீட்டர் ஆழத்தில் தரையில் சுமார் 35 செ.மீ. வட்டத்தைப் பார்க்கிறது. குளத்துத் தரைக்கு அது தாராளம்.

எப்போது அளப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். ஆடிக்காற்று காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து வீசுகிற காற்று சின்னப் படகைக் கோட்டில் நிற்க விடாது. பக்கவாட்டில் நண்டு மாதிரிதான் போகும். தை மாதம் நல்லது. குளம் பெருகிக் கிடக்கும், காற்றும் அவ்வளவு இருக்காது. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: கோடையில் முழுக்க வற்றிப்போகிற குளத்துக்குப் படகே வேண்டாம். ட்ரோனில் படமெடுத்தோ, நிலம் அளக்கிற கருவியை வைத்தோ வேகமாக முடித்துவிடலாம். மடை முன்னால் எப்போதும் தண்ணீர் கிடக்கிற, சேறு காயாத குளத்துக்குத்தான் படகு. எங்கள் குளம் அந்த ரகம்.

தண்ணீரில் இறங்கிய பிறகு வந்த தொல்லைகள் எதுவும் மின்னணுவியல் சம்பந்தப்பட்டவை அல்ல. அமலைச்செடி (ஆகாயத்தாமரை) காற்றடிக்கும் பக்கம் ஒதுங்கி மிதந்தது. அதன் வேர் விசிறியில் சுற்றினால் மோட்டார் சூடேறி நின்றுவிடும். மீன்பாசி குத்தகை, அதாவது குளத்தில் மீன் பிடிக்கும் உரிமை எடுத்தவர் வலை கட்டியிருந்தார். அவரிடம் முன்கூட்டியே பேசி, வலை இருக்கும் இடங்களைக் கேட்டு, வரைபடத்தில் குறித்துக்கொண்டு ஓட்டினோம். இதைச் செய்யாமல் குளத்தில் படகு விடுவது அவர் பிழைப்பில் கை வைப்பது மாதிரி. குளத்துக்குள் நிற்கிற கருவேல மரங்களுக்கு நடுவே தானியங்கி ஓட்டம் சரிப்படவில்லை. அங்கே தெர்மாக்கோல் பலகையில் உட்கார்ந்து மீன் பிடிக்கிற ஒருவர் படகைக் கயிறு கட்டி இழுத்துக் கொடுத்தார். ஒலிமானி பாட்டுக்குப் பதிந்துகொண்டிருந்தது.

நீருக்குள் அடர்ந்து வளரும் பாசி இன்னொரு சிக்கல். ஒலி பாசியின் தலையில் பட்டே திரும்பிவிடும், கருவி அதைத் தரை என்று காட்டும். எதிரொலியை முழு அலையாகப் பதிவு செய்தால் பாசியின் மங்கலான எதிரொலிக்குக் கீழே தரையின் அழுத்தமான எதிரொலி தெரியும். வெறும் ஆழ எண்ணை மட்டும் சேமிக்கிற மலிவுக் கருவியில் இதைப் பார்க்க வழியில்லை. கருவி வாங்குவோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். கரையோரத்தில் அரை மீட்டருக்குக் குறைவான ஆழத்தில் ஒலிமானி உதவாது. அங்கே ஆள் இறங்கி, அடியில் தட்டு வைத்த அளவுகோலால்தான் அளந்தோம். தட்டு இல்லாவிட்டால் கோல் சேற்றுக்குள் இறங்கிக்கொண்டே போகும்.

ஐந்து சென்டிமீட்டர்

இந்த வேலையில் சிறிய பிழை எவ்வளவு பெரிதாகும் என்று ஒரு கணக்குப் போடலாம். நூறு ஏக்கர் குளத்தில் ஆழம் எல்லா இடத்திலும் 5 செ.மீ. தவறினால் 20,000 கன மீட்டர் தவறுகிறது. கன அடியில் ஏழு லட்சத்துக்கு மேல். லாரிக்காரர் பேசுகிற கணக்கில், நூறு கன அடி ஒரு யூனிட் என்றால், ஏழாயிரம் யூனிட் மண். தூர்வாரியதற்குப் பணம் கொடுப்பதும், எவ்வளவு அள்ளினார்கள் என்று கேட்பதும் இந்த எண்ணை வைத்துத்தான்.

அந்த 5 செ.மீ. பிழை வருவது கஷ்டமே இல்லை. 30 டிகிரி வெப்பத்தில் நன்னீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,509 மீட்டர் போகிறது. அதே வெப்பத்தில் கடல்நீரில் சுமார் 1,546 மீட்டர். கடல் வேலைக்கு வைத்திருந்த அமைப்பை மாற்றாமல் குளத்தில் இறக்கினால் இரண்டு மீட்டர் ஆழத்தில் கிட்டத்தட்ட 5 செ.மீ. கூடுதலாகக் காட்டும். அதனால் தினமும் காலையில் ஓர் இரும்புத் தகட்டைச் சங்கிலியில் கட்டி, ஒலிமானிக்குக் கீழே அளந்த ஆழத்தில் தொங்கவிட்டு, கருவி சொல்வது சரிதானா என்று பார்த்தோம். நீள்கோடுகளை வெட்டிப் போகும் குறுக்குக் கோடுகளையும் ஓட்டினோம். இரண்டும் வெட்டும் இடத்தில் ஒரே தரைமட்டம் வராவிட்டால் அந்தப் பகுதியை மறுபடி அளக்க வேண்டும்.

மட்டம் என்று வரும்போது நம் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. செயற்கைக்கோள் கருவி சொல்கிற உயரம் கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டது அல்ல. பூமியின் வடிவத்துக்குப் பொருத்திய ஒரு கணித முட்டைவடிவப் பரப்பிலிருந்து கணக்கிட்டது. இலங்கைக்குத் தெற்கே பூமியின் ஈர்ப்பு வலுக்குறைந்து, அந்தப் பரப்பைவிடக் கடல்மட்டம் 106 மீட்டர் வரை தாழ்ந்திருக்கிறது. உலகத்திலேயே பெரிய தாழ்வு அது. அதன் விளிம்பில் இருக்கும் திருநெல்வேலியிலும் வித்தியாசம் 90 மீட்டருக்கு மேல். அதனால் குளத்தங்கரையில் நின்று கருவியைப் பார்த்தால் உயரம் மைனஸில் காட்டும். புதிதாக வருகிற மாணவர்கள் கருவி கெட்டுவிட்டது என்றே நினைப்பார்கள்.

இதற்கு நாங்கள் எடுத்த வழி எளிமையானது. எந்த உலக மட்டத்தையும் முதலில் தொடவில்லை. மறுகாலின் கல்கட்டு உச்சியைப் பூஜ்யம் என்று வைத்தோம். நிலையான இடங்காட்டியை அதன் மேல் நிறுத்தி, படகின் உயரத்தை அதோடு ஒப்பிட்டுச் சென்டிமீட்டர் துல்லியத்தில் எடுத்தோம். மூன்று மடைகளின் அடிமட்டத்தையும் மட்டக்கருவியால் அதே பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தோம். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மடையின் அடிமட்டத்தோடும் மறுகாலின் உச்சியோடும் இணைக்காத ஆழ வரைபடம், எத்தனை வண்ணத்தில் அச்சடித்தாலும், பாசனத்துக்கு உதவாது. விவசாயிக்கு வேண்டியது தரை எவ்வளவு ஆழம் என்பதல்ல. தண்ணீர் எந்த மட்டம் வரை மடைக்கு வரும் என்பதே அவர் கேள்வி.

திட்டு

வரைபடம் தயாரானதும் அண்ணாச்சியின் கேள்விக்குப் பதில் வெளிப்படையாகத் தெரிந்தது. கரை அடைக்க மண் தோண்டிய பள்ளம் குளத்தின் நடுவே பெரிதாகக் கிடந்தது. அந்தப் பள்ளத்துக்கும் நடுமடைக்கும் இடையே ஒரு மண்திட்டு. அள்ளியதில் கரைக்குப் போகாமல் மிஞ்சிய குவியலும், வெள்ளம் வேகம் இழந்து போட்ட மணலும் சேர்ந்தது அது. அதன் உச்சி மடையின் அடிமட்டத்தைவிட முழங்கால் உயரத்துக்கு மேலே இருந்தது. தண்ணீர் திட்டுக்குக் கீழே இறங்கியதும் பள்ளம் தனிக் குட்டையாகிவிடுகிறது. கரையிலிருந்து பார்த்தால் தண்ணீர் நிறையக் கிடக்கிற மாதிரிதான் தெரியும். மடைக்கு ஒரு சொட்டு வராது.

இங்கே குளத்துத் தண்ணீரை மூன்றாகப் பிரிக்க வேண்டும். திட்டின் உச்சிக்கு மேலே இருப்பது தானாக மடைக்கு வரும். திட்டின் உச்சிக்கும் மடையின் அடிமட்டத்துக்கும் இடையே பள்ளத்தில் இருப்பது, திட்டை வெட்டினால் வரும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே இருப்பது எதைச் செய்தாலும் மடை வழியே வராது. அது ஆடுமாடுக்கும் மீனுக்கும் பறவைக்கும் கிணற்று ஊற்றுக்கும் உரியது. அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் வயலுக்குக் கணக்கில் சேராது. தூர்வாரும்போது மடைமட்டத்துக்குக் கீழே ஆழமாகத் தோண்டிக்கொண்டே போய், கொள்ளளவு கூடிவிட்டது என்று எழுதினால் எண் உண்மையாகவே கூடும். பாசனம் ஒரு ஏக்கர்கூடக் கூடாது.

விவசாயிகளும் மண்பாண்டம் செய்பவர்களும் அனுமதி பெற்று இலவசமாக வண்டல் எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. கரம்பை அடித்த வயல் எப்படி விளையும் என்று இங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த இடத்தில் அள்ளுவது என்பதை இப்போது தீர்மானிப்பது லாரி இறங்க வசதியான பாதை. பாதை இருக்கும் மூலையில் பள்ளம் விழுகிறது, உண்மையில் மேடு தட்டிய மேல்பகுதி அப்படியே இருக்கிறது. மடைமட்டத்துக்கு மேலே எங்கெங்கே வண்டல் நிற்கிறது என்று வரைபடத்தில் குறித்து, அங்கே அள்ள அனுமதி கொடுத்தால் அதே லாரி, அதே டீசல், பயன் மட்டும் பல மடங்கு. ஒலிமானி காட்டுவது சேற்றின் மேல்மட்டத்தை. அடியில் எவ்வளவு கனத்துக்கு வண்டல் என்பதற்குக் கம்பி குத்திப் பார்த்தே ஆக வேண்டும். அள்ளும் அளவை முடிவு செய்ய அந்த இரண்டாவது எண்தான் தேவை.

கோடையில் தண்ணீர் இறங்கியதும் அனுமதி வாங்கித் திட்டின் குறுக்கே ஓடை வெட்டினார்கள். அடுத்த பிசானத்தில் நடுமடைக்குக் கடைசி நனைப்பு கிடைத்தது. அதோடு புதுத் தகராறு ஒன்றும் கிளம்பியது. நடுமடை இழுக்க ஆரம்பித்ததும், பள்ளத்து ஊற்றை நம்பிக் கிணற்றுப் பாசனம் செய்த இரண்டு மூன்று பேர் தண்ணீர் சீக்கிரம் இறங்குகிறது என்று சொன்னார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஓடையின் வாயில் பலகை வைத்து, எந்த மட்டம் வரை திறப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். கையில் மட்டக்கணக்கு இருப்பதால் பேச்சு எண்ணைப் பற்றி நடக்கிறது என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தண்ணீரின் குணம்

அதே படகில் வெப்பம், கார அமிலத்தன்மை, மின்கடத்துதிறன், கலங்கல், கரைந்த ஆக்சிஜன் அளக்கும் உணரிகளையும் கட்டினோம். கழிவுநீர் கலந்தால் உப்புகள் கூடும், மின்கடத்துதிறன் ஏறும். நீர் வரும் வாய்க்காலின் வாயிலிருந்து அந்த ஏற்றம் விசிறிபோல் விரிந்து, கீழ்மடைப் பக்கம் வரை போவதைப் படகு ஓடிய கோடுகளிலேயே பார்க்க முடிந்தது. ஓர் இடத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்தால் இது தெரியவே தெரியாது.

கரைந்த ஆக்சிஜனில் நேரம்தான் எல்லாம். 30 டிகிரி நன்னீர் காற்றோடு சமநிலையில் இருந்தால் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். பாசி மண்டிய குளத்தில் பிற்பகலில் அதைத் தாண்டும். பாசி வெயிலில் ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும். இரவில் அதே பாசியும் சேறும் ஆக்சிஜனை இழுக்கும். விடிவதற்குச் சற்று முன்பு மிகக் குறைவு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் குளிக்கும் நீர்த் தரம் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்கிறது. பகல் பதினோரு மணிக்கு மாதிரி எடுத்தால் இந்தக் குளம் தேறிவிடும். மீன் செத்து மிதப்பது விடியற்காலையில். இதனால்தான் ஒரு மிதவையில் உணரியைக் கட்டி இரவு பகலாக விட்டோம். குத்தகைதாரருக்கு மொத்த வேலையிலும் பிடித்தது அந்த மிதவைதான். எண் இறங்கும் இரவுகளில் மோட்டார் போட்டு நீரைக் கலக்கிவிட அவருக்கு வசதியாக இருந்தது.

உணரிக்கு ஆள் தேவை. நம் வெயிலில் சில நாட்களிலேயே அதன் முகத்தில் பாசி படிந்து எண் தடம் மாறும். துடைக்கவும் அளவை சரிபார்க்கவும் ஒருவரை நியமிக்காமல் மிதவை போடுவது பணத்தைத் தண்ணீரில் போடுவது. அப்புறம், தாமிரபரணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் கவலைப்படும் மலக்கழிவுக் கிருமிகளை இந்த உணரிகள் எதுவும் காட்டாது. குளிக்கும் நீரில் 100 மில்லிலிட்டருக்கு 500க்குள் இருப்பது விரும்பத்தக்கது, 2,500க்கு மேல் கூடாது என்ற அளவை ஆய்வகத்தில்தான் பார்க்க முடியும். உணரி செய்யக்கூடியது, எந்த இடத்தில், எந்த நேரத்தில் பாட்டிலை நிரப்ப வேண்டும் என்று காட்டுவது.

இதே ஆறு புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. அந்த முகத்துவாரத்தை அளக்க இதே முறையை எடுத்துப் போனால் இரண்டு விஷயங்கள் மாறும். ஆற்றுத் தண்ணீர் மேலே மிதக்க, கனமான உப்புத் தண்ணீர் அடியில் ஆப்பு மாதிரி உள்ளே நுழைகிறது. ஒரே இடத்தில் மேலும் கீழும் ஒலியின் வேகம் வேறு. ஆழவாரியாக அதை அளக்காமல் கோடு ஓட்டக் கூடாது. கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குகிற வற்று ஏற்றம் அந்தக் கடலில் ஒரு மீட்டருக்குள்தான், ஆனாலும் மணல்திட்டு அடிக்கடி இடம் மாறும் வாயில் அது பெரிய அளவு. அலையில் படகு ஆடும்போது கற்றை சாய்வதைத் திருத்த அசைவுமானியும் வேண்டும்.

அதற்கு அப்பால் பார்கள். கடலடிப் பாறைமேடுகளைப் பாகக் கணக்கில் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி) ஆழம் சொல்லி, கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் வைத்து இடம் பிடிக்கிற அறிவு இந்தக் கரையில் தலைமுறைகளாக இருக்கிறது. தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961இல் நின்றுபோனாலும் பார்களின் பெயர்கள் மீனவர் வாயில் இருக்கின்றன. உலகக் கடல்தரையில் நவீன முறையில் அளந்தது கால்பங்கை ஒட்டித்தான்; 2030க்குள் முழுவதையும் முடிப்பது என்ற உலகத் திட்டம் 2017இல் தொடங்கி நடக்கிறது. தானியங்கிக் கலங்கள் இல்லாமல் அது முடியாது. நல்ல காரியம். ஆனால் ஒரு பாரின் துல்லியமான இடம் எல்லார் கைக்கும் போனால், முதலில் அங்கே வந்து நிற்பது இழுவலை போடுகிற பெரிய படகாக இருக்கலாம். நாட்டுப்படகுக்காரர் மனதில் வைத்திருந்ததை எங்கள் வரைபடம் ஏலம் போடக் கூடாது.

குளத்திலும் இதே கவலை இருந்தது. மணல் எங்கே கனமாகக் கிடக்கிறது என்று ஒலிமானிப் பதிவும் கம்பிக் குத்தலும் சேர்ந்து காட்டிவிட்டன. வண்டலுக்கு வருகிறவர்களோடு மணலுக்கு வருகிறவர்களும் உண்டு. அதனால் ஊரில் ஒட்டிய வரைபடத்தில் மட்டக்கோடுகள், மடைமட்டம், திட்டு, வண்டல் எடுக்கத் தகுந்த இடங்கள் மட்டும் இருக்கின்றன. மணல் விவரம் உள்ள பிரதி பாசன விவசாயிகள் சங்கத்திடமும் நீர்வளத் துறையிடமும் இருக்கிறது. மறுகால் சுவரில் அளவுகோல் வரைந்தாயிற்று. அண்ணாச்சி வாரம் ஒருமுறை மட்டத்தைக் குறிக்கிறார். ஐந்து நாளுக்கு ஒருமுறை கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில், பத்து மீட்டர் துல்லியத்தில், நீர்ப்பரப்பைப் பார்த்து அவர் எழுதிய மட்டத்தோடு பொருத்தினால் அட்டவணையின் மேல்பகுதி சரியாக இருக்கிறதா என்று படகில்லாமலே தெரிந்துவிடும். பரப்பும் மட்டமும் பொருந்தாமல் போகிற ஆண்டில், அல்லது கரை உடையும் அளவுக்கு வெள்ளம் வந்த ஆண்டில், படகை மறுபடி இறக்குவது என்று சங்கத்தோடு பேசி வைத்திருக்கிறோம்.